கிளென் கூல்டின் இரண்டு கோல்ட்பெர்க்: 1955-ஆ, 1981-ஆ?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்று ஸ்ட்ரீமிங் செயலியில் தேடினால், கனடியப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் பெயரிலேயே ஐந்தாறு ஆல்பங்கள் வந்து நிற்கும். அட்டைப்படம் வேறாக இருக்கும், ஆண்டு வேறாக இருக்கும், சிலவற்றில் ‘ரீமாஸ்டர்டு’ என்று ஒட்டியிருக்கும். ஸ்டூடியோவில் உட்கார்ந்து இந்தப் படைப்பை அவர் ஆல்பமாகப் பதிவு செய்தது இரண்டே முறை: 1955 ஜூனில், 22 வயதில், பிறகு 1981இல், 48 வயதில். இரண்டும் நியூயார்க்கில், கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானவை. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் அது. மற்றவை வானொலிப் பதிவு, கச்சேரிப் பதிவு, அல்லது இந்த இரண்டின் மறுபதிப்பு.

எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு சுருக்கு வழி உண்டு. முதல் துண்டான ஆரியாவின் நீளத்தைப் பாருங்கள். 1 நிமிடம் 53 நொடி என்றால் 1955. 3 நிமிடத்தை ஒட்டி இருந்தால் 1981. மறுபதிப்புகளில் ஒன்றிரண்டு நொடி முன்னே பின்னே இருக்கலாமே தவிர, குழப்பம் வராது. மொத்த நீளத்திலும் இதே இடைவெளி: முன்னது 38 நிமிடத்துக்குச் சற்று மேல், பின்னது 51 நிமிடத்துக்குச் சற்று மேல்.

முதலில் எதை வாங்குவது, எதைக் கேட்பது என்று கேட்டால், பதில் 1981. பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். 1956 ஜனவரியில் வெளிவந்த முதல் பதிவுதான் கூல்டை உலகறியச் செய்தது, அதன் வேகத்தைக் கேட்டு மயங்காதவர்கள் குறைவு என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் படைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் புதிதாகக் கேட்பவரின் காதுக்குக் காட்டுவது இரண்டாவது பதிவே. ஏன் என்று சொல்ல, கட்டுமானத்தைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

1741இல் அச்சான இந்தப் படைப்பில் 32 துண்டுகள். தொடக்கத்தில் ஆரியா, நடுவில் 30 வேரியேஷன்கள் (ஒரே அடித்தளத்தின் மேல் வெவ்வேறு விதமாக எழுதிய துண்டுகள்), முடிவில் அதே ஆரியா மறுபடியும். ஆரியாவில் 32 பார்கள். பார் என்பதை நம் ஆவர்த்தனம் போல எடுத்துக்கொள்ளலாம். 16 பார்களாக இரண்டு பாதிகள், ஒவ்வொரு பாதியையும் இரண்டு முறை வாசிக்கும்படி பாக் குறித்திருக்கிறார்.

புதிதாகக் கேட்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆரியாவில் வலது கை வாசிக்கும் அழகான மெட்டைப் பிடித்துக்கொண்டு, அது அடுத்தடுத்த வேரியேஷன்களில் எப்படி மாறுகிறது என்று தேடுவார்கள். கிடைக்காது. அந்த மெட்டு கடைசியில் ஆரியா திரும்பும்போதுதான் திரும்ப வரும். முப்பதையும் தாங்கி நிற்பது இடது கையில் உள்ள அடிக்குரல் வரிசை, அதாவது கீழே ஓடும் ஸ்வரங்களின் வரிசை. ஜி மேஜர் ஸ்கேலை நம் கணக்கில் ஐந்து கட்டை சங்கராபரணம் என்று வைத்துக்கொண்டால், முதல் எட்டு பார்களின் அடிக்குரல் இப்படி இறங்கும்: ச – நி – த – ப – க – ம – ப – ச. பாருக்கு ஒரு ஸ்வரம். கமகம் கிடையாது, எல்லாம் பியானோவின் சமப்படுத்தப்பட்ட சுருதி. ஆனால் இறங்கி வந்து, கீழே திரும்பி, ஷட்ஜத்தில் உட்காரும் அந்த நடை பாட்டு கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். ஆரியாவை நாலைந்து முறை இடது கையை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கூடவே ‘ச நி த ப, க ம ப ச’ என்று முனகிப் பாருங்கள். அது மனதில் பதிந்துவிட்டால், 30 வேரியேஷன்களிலும் மேலே எத்தனை வித்தை நடந்தாலும் காலடியில் தரை இருப்பது தெரியும்.

இந்தத் தரைதான் 1981 பதிவில் தெளிவாகக் கேட்கிறது. ஆரியாவைக் கூல்ட் ஏறக்குறைய நின்று நின்று வாசிக்கிறார். ஒவ்வொரு அடிஸ்வரமும் முழுதாக ஒலித்து முடிந்த பிறகே அடுத்தது வருகிறது. 1955இல் அதே ஆரியா ஓடையாக ஓடிவிடும். அழகாக ஓடும், ஆனால் கீழே என்ன நடந்தது என்று கேட்டால் முதல்முறை கேட்டவரால் சொல்ல முடியாது. முதல் பதிவின்போது அவர் வேரியேஷன்களை முடித்துவிட்டுக் கடைசியில்தான் ஆரியாவைப் பதிவு செய்தார். பின்னால் வரப்போகும் எதையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்காத ஒரு நிறமற்ற தொனி வேண்டும் என்று, இருபது முறை வாசித்துத் தள்ளிவிட்டு 21ஆவதை ஏற்றுக்கொண்டார். அந்தத் தேடலின் பலன் காதில் விழவே செய்கிறது. எனினும் அது வாசிப்பவரின் அடக்கம். கேட்பவருக்கு வழிகாட்டுவது 1981இன் நிதானம்.

அடுத்தது காலப்பிரமாணம். 1955 பதிவில் ஒவ்வொரு வேரியேஷனுக்கும் அதற்கென்று ஒரு வேகம். ஒன்று முடிந்ததும் வேறொன்று வேறு உலகத்திலிருந்து தொடங்கும். தன் பழைய பதிவில் கூல்டுக்கே பிடிக்காமல் போனது இதுதான்: முப்பது துண்டுகளும் தனித்தனியே அழகாக இருந்தாலும் ஒன்றோடு ஒன்று கோக்கப்படவில்லை. 1981இல் பக்கத்துப் பக்கத்து வேரியேஷன்களின் வேகங்களை எளிய விகிதங்களில் கட்டினார். ஒன்றில் ஓடிய துடிப்பு அடுத்ததில் அப்படியே தொடரும், அல்லது பாதியாகும், இரட்டிக்கும், அல்லது மூன்றாகப் பிரியும். மேல்காலம், கீழ்க்காலம், திஸ்ரம் என்று பழகிய நமக்கு இது புதிதல்ல. சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒரு வேரியேஷன் முடியும்போது தொடையில் போடும் தாளத்தை நிறுத்தாமல் அடுத்ததற்குள் கொண்டுபோங்கள். 1981இல் பல இடங்களில் கை அப்படியே உட்காரும், அல்லது ஓரிரு பார்களில் ஒரு கணக்கில் பொருந்திவிடும். 1955இல் பெரும்பாலும் கை அந்தரத்தில் நிற்கும்.

இன்னொரு வேறுபாடு, மறுவாசிப்பு. 1955இல் கூல்ட் எந்தப் பாதியையும் திரும்ப வாசிக்கவில்லை; 38 நிமிடத்தில் முடிவதற்கு வேகத்தோடு இதுவும் காரணம். 1981இல் கானன்கள் பலவற்றிலும், 10ஆவதாக வரும் ஃபுகெட்டாவிலும் (ஒரே மெட்டோடு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் சிறு துண்டு), இன்னும் சிலவற்றிலும் முதல் பாதியை மட்டும் திரும்ப வாசிக்கிறார். கானன் என்பது ஒரு குரல் (பியானோவில் தனித்து ஓடும் ஒரு இழை) ஒரு வரியைத் தொடங்கி, சற்றுத் தள்ளி இன்னொரு குரல் அதே வரியைத் தொடர்வது. ஒவ்வொரு மூன்றாவது வேரியேஷனும் கானன்: 3, 6, 9, 12 என்று 27 வரை. 3இல் இரண்டு குரலும் ஒரே ஸ்வரத்தில் தொடங்கும், 6இல் இரண்டாம் குரல் ஒரு படி தள்ளி, 9இல் இரண்டு படி தள்ளி, இப்படியே விரிந்துகொண்டு போகும். 12, 15 இரண்டிலும் பின்வரும் குரல் தலைகீழாகத் திரும்பிவிடும்: முதல் குரல் ஏறினால் இது இறங்கும். இவ்வளவும் ஒரே முறை ஓடி மறைந்தால் காது எப்படிப் பிடிக்கும்? முதல் பாதி இரண்டாம் முறை வரும்போதுதான் ‘ஓ, இதை அவன் துரத்துகிறானா’ என்று புரியும். அதனால் 1981இல் அவர் கானன்களைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப வாசித்தது மிகச் சரியான முடிவு.

இனி சில வேரியேஷன்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டியதில்லை. 5, 26 போன்றவற்றில் இரண்டு பதிவுகளும் ஏறக்குறைய ஒரே நீளம்தான் (முறையே 37 நொடி, 52 நொடி). வயதானதும் கூல்ட் எல்லாவற்றையும் மெதுவாக்கிவிட்டார் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். இரண்டு விசைப்பலகை கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு (பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி) எழுதப்பட்ட வேரியேஷன்களில், ஒற்றை விசைப்பலகைப் பியானோவில் கைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி முட்டிக்கொள்ளும். ஒரே விசையை ஒரு கை விடுவதற்குள் மறு கை அடித்தாக வேண்டும். அந்த நெரிசலிலும் இரு கைகளும் தனித்தனியே கேட்பது கூல்டின் தனித்திறன். ஒலியை நீட்டிக்கும் பெடலை அவர் மிகக் குறைவாகவே தொடுகிறார். ஸ்வரங்களை வெட்டி வெட்டி வைக்கிறார். குரல்கள் கலங்காமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

4ஆவதில் வேறுபாடு மிகப் பெரிது. 1955இல் 29 நொடி, குதித்துக்கொண்டு போகும். 1981இல் மறுவாசிப்போடு 1 நிமிடம் 40 நொடி. ஒவ்வொரு ஸ்வரமும் ஆணி அறைந்தாற்போல விழும். இங்கே 1981 இறுகிப்போகிறது என்றே சொல்ல வேண்டும். மூன்றெட்டு நடையில் உள்ள சின்னத் துண்டு இவ்வளவு கடுமையைத் தாங்காது. அதேபோல 30ஆவது. இது கானனாக வர வேண்டிய இடத்தில், பாக் தன் காலத்து நாட்டுப்பாடல்களைப் பிணைத்து எழுதிய கதம்பம். அதில் ஒன்று, ‘முட்டைக்கோசும் டர்னிப்பும் என்னை விரட்டிவிட்டன’ என்ற சாப்பாட்டுப் பாட்டு. 1955இல் 48 நொடியில் அந்தக் குறும்பு வருகிறது. 1981இல் அது கோயில் மணியடிப்பது போலக் கம்பீரமாகிவிடுகிறது. கம்பீரம் அழகுதான், ஆனால் சிரிப்பு போய்விட்டது.

15-க்கும் 16-க்கும் இடையே உள்ள மௌனத்தை மட்டும் கவனிக்கத் தவறாதீர்கள். 15 மைனர் ஸ்கேலில் வரும் மூன்று வேரியேஷன்களில் முதலாவது (மற்றவை 21, 25). கீரவாணி, நடபைரவி கேட்ட காதுக்கு அந்தச் சோகத்தின் சாயல் புதிதாக இருக்காது. 1955இல் 2 நிமிடம் 17 நொடியில் முடிந்த இது, 1981இல் மறுவாசிப்பும் சேர்ந்து 5 நிமிடத்தைத் தொடுகிறது. முடிவில் வலது கை தனியாக மேலே மேலே ஏறி, பதில் கிடைக்காத கேள்வியாக அந்தரத்தில் நின்றுவிடும். படைப்பின் முதல் பாதி அங்கே முடிகிறது. 16 பிரெஞ்சு ஓவர்ச்சர், அதாவது கம்பீரமான தொடக்க இசையின் பாணி. முழு ஜி மேஜர் கார்டோடு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) திரை விலகுவது போலத் திறக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி காத்திருப்பது என்பதும் வாசிப்பின் பகுதியே. இதை உங்கள் செயலி கெடுக்கும் விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

25ஆவதுதான் இந்தப் படைப்பின் ஆழம். ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா இதைக் ‘கறுப்பு முத்து’ என்றார். வேகத்துக்குப் பேர்போன 1955 பதிவில் இது 6 நிமிடம் 28 நொடி; நிதானத்துக்குப் பேர்போன 1981இல் 6 நிமிடம் 3 நொடி. ஆம், இளைஞர்தான் மெதுவாக வாசித்திருக்கிறார். மறுவாசிப்பு இல்லாமலே இந்த நீளம் என்பதையும் நினைவில் வையுங்கள். 1955இல் வலது கை ஒவ்வொரு வளைவிலும் நின்று உருகுகிறது. இசையமைப்பாளர் ஷோபானின் இரவிசையோ (நாக்டர்ன்) என்று தோன்றும். பிற்காலத்தில் கூல்ட் இதைத்தான் தன் பழைய பதிவின் பெருங்குறையாகக் கருதினார். அவர் தன்மேல் சற்று அதிகமாகவே கடுமை காட்டிவிட்டார். அந்த ஆறரை நிமிடத்தில் உள்ள நேர்மையான துக்கத்தை யாராலும் தள்ள முடியாது. ஆனால் கீழே அரை அரை ஸ்வரமாக இறங்கும் அடிக்குரலை 1955இல் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1981இல் அது கூடவே நடந்து வருகிறது, மேலே உள்ள குரல் அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இதிலும் 1981.

பதிவின் ஒலித்தரம்

1955 பதிவு மோனோ. ஒற்றைத் தடம், வறண்ட ஒலி, அறையின் எதிரொலி குறைவு. பியானோ ஸ்டைன்வே. அடிப்பகுதி மெலிந்தும், நடுப்பகுதி முன்னால் நீட்டிக்கொண்டும் கேட்கும். இது குறையல்ல, விரைவான பகுதிகளில் ஸ்வரங்கள் பாசிமணி போலத் தனித்தனியே உதிர்வதற்கு இந்த வறட்சி உதவுகிறது. தவிர்க்க வேண்டியது வேறொன்று. 60களின் இறுதியில் இதைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி ஒரு இசைத்தட்டு விட்டார்கள். பழைய தட்டு வாங்குபவர்கள் உறையில் ‘ரீசானல்டு ஃபார் ஸ்டீரியோ’ என்ற பொருளில் ஏதேனும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கவும். ஒரே தடத்தை அலைவரிசை பிரித்து இரு பக்கமும் ஒதுக்குவார்கள். பியானோ இடமின்றி மிதக்கும், மேல்ஸ்வரம் ஒரு காதிலும் கீழ்ஸ்வரம் மறு காதிலும் சிதறும். அப்படிப்பட்ட தட்டு கையில் வந்துவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்திவிட்டுக் கேளுங்கள். முழுதாகச் சரியாகாது, சகிக்கும்படி ஆகும்.

ஐரோப்பாவில் 1955 பதிவின் உரிமைக்காலம் முடிந்துவிட்டதால் மலிவு நகல்கள் ஏராளம். இசைத்தட்டிலிருந்து எடுத்து, கீறல் சத்தம் நீக்கும் மென்பொருளை அழுத்தமாகப் போட்டுவிடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது: ஆரியாவின் கடைசி ஸ்வரம் தேய்ந்து மறைவதைக் கேளுங்கள். மூல நாடாவிலிருந்து வந்த பதிப்பில் மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற நாடா இரைச்சலுக்குள் அது கரையும். மட்டமான நகலில் ஸ்வரம் பாதியில் வெட்டுப்பட்டு, திடீரென்று பஞ்சு அடைத்தாற்போல அமைதியாகும். அமைதியாக இருப்பதே நல்ல பதிப்பு என்று நினைத்து ஏமாற வேண்டாம். கொலம்பியாவின் நாடாக்கள் இன்று சோனி வசம் இருக்கின்றன. சோனி பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.

1981 பதிவு டிஜிட்டல் முறையின் தொடக்க காலத்தது. பியானோ யமாஹா. அன்றைய டிஜிட்டல் கருவிகளின் இயல்புப்படி, முதலில் வந்த சிடியில் மேல்ஸ்தாயி சற்றுக் கண்ணாடித்தனமாகக் கேட்கும். பலமாக அடிக்கும் இடங்களில் காது கூசும். நல்லவேளையாக, டிஜிட்டலோடு சேர்த்து அனலாக் நாடாவும் ஓடவிட்டிருந்தார்கள். 2002இல் சோனி வெளியிட்ட ‘எ ஸ்டேட் ஆஃப் வொண்டர்’ என்ற மூன்று சிடித் தொகுப்பில் 1981 வாசிப்பு அந்த அனலாக் நாடாவிலிருந்து எடுக்கப்பட்டது. அடிக்குரலுக்குச் சதை வந்திருக்கிறது, மேலே உள்ள கூர்மை தணிந்திருக்கிறது. 1955 பதிவும் அதே தொகுப்பில் உண்டு. மூன்றாம் தட்டில் விமர்சகர் டிம் பேஜுடன் கூல்ட் பேசிய உரையாடலும் 1955 ஸ்டூடியோத் துணுக்குகளும் இருக்கின்றன. ஒரே ஒரு முறை காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழிக்கலாம். பழைய சிடி விற்கும் இடங்களில் அவ்வப்போது கிடைக்கும். வாங்குமுன் மூன்று தட்டும் இருக்கிறதா, உரையாடல் தட்டு காணாமல் போகவில்லையா என்று பாருங்கள்.

ஸ்டூடியோவில் ஓடிய எல்லா எடுப்புகளையும் (டேக்) அடக்கிய பெரிய தொகுப்புகளும் பின்னாளில் வந்தன. 1955க்கானது 2017இல் வெளியானது. பியானோ கற்பிப்பவர்களுக்கும் ஒலிப்பதிவுத் தொழில் கற்பவர்களுக்கும் அது பொக்கிஷம். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

முனகல் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூல்ட் வாசிக்கும்போது கூடவே பாடுவார். பாட்டு என்பதைவிட, இழுவையான ஒரு முனகல். இரண்டு பதிவிலும் உண்டு. ஹெட்ஃபோனில், மெதுவான பகுதிகளில் நன்றாகவே கேட்கும். அப்பா செய்து கொடுத்த, காலை வெட்டித் தாழ்த்திய மடக்கு நாற்காலியில்தான் கடைசிவரை அமர்ந்து வாசித்தார். அதன் கிறீச்சும் சில பதிவுகளில் உண்டு. உங்கள் கருவியில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். வித்வான்கள் வாசிப்பின் நடுவே ‘ஆஹா’ என்பதும் தொடையில் தட்டுவதும் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய இடையூறாக இருக்கக் கூடாது. இருக்கிறது என்றால் ஹெட்ஃபோனை விட்டு ஸ்பீக்கரில் கேளுங்கள். அறையின் காற்றில் பாதி கரைந்துவிடும்.

முனகலே இல்லாத 1955 ஒன்றும் சந்தையில் உண்டு. ஸென்ஃப் என்ற நிறுவனம், கூல்ட் ஒவ்வொரு விசையையும் எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் தொட்டார் என்பதைக் கணினியால் கணித்து, தானியங்கி யமாஹா பியானோவில் ஓடவிட்டுப் புதிதாக ஸ்டீரியோவில் பதிவு செய்து 2007இல் வெளியிட்டது. ஆரியாவின் நீளத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அது 1955-ஐ ஒத்தே இருக்கும். ஒலி பளிச்சென்று நவீனமாக இருந்து, முனகலும் இல்லையென்றால் அதுதான். ஆராய்ச்சியாக வியக்கலாம், முதல் பிரதியாக வாங்க வேண்டாம்.

1959 ஆகஸ்டில் சால்ஸ்பர்க்கில் வாசித்த கச்சேரிப் பதிவை மட்டும் தேடிக் கேட்கலாம். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் வாசித்தது. 1955இன் வேகம், மேடையின் சூடு.

செயலியில் கேட்பவர்கள் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டியவை

முதலில் கிராஸ்ஃபேடை அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் 15-இன் கடைசி ஸ்வரம் மறையுமுன்பே 16-இன் கார்டு மேலே ஏறிவிடும்; மேலே சொன்ன மௌனம் காணாமல் போகும். ஷஃபிள் கூடவே கூடாது. 32 தடங்களும் வரிசைப்படி ஓட வேண்டியவை. ‘கேப்லெஸ்’ என்ற தெரிவு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாத செயலி ஒவ்வொரு தடத்துக்கும் முன்னால் சிறு இடைவெளியைத் தானே செருகும். 1981இல் கூல்ட் கணக்கிட்டு ஒட்டிய துடிப்பு அங்கங்கே அறுபடும்.

ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பு இன்னொரு வில்லங்கம். தடவாரியாகச் சமப்படுத்தினால், மெதுவான 25ஆவதை மேலே தூக்கி, துள்ளும் 26ஆவதைக் கீழே அழுத்தி, இரண்டையும் ஒரே பருமனாக்கிவிடும். ஆல்பவாரித் தெரிவு இருந்தால் அதை வையுங்கள், இல்லையேல் முழுதாக அணைத்துவிடுங்கள்.

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் இந்தப் படைப்பைக் கேட்பது வீண். அடிக்குரல் கீழ் ஷட்ஜத்தைத் தொடும்போது 98 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதை ஒலிக்காது. தரை இல்லாத கட்டடம்தான் மிஞ்சும். சாதாரண ஒயர் ஹெட்ஃபோன் போதும். ‘பாஸ் பூஸ்ட்’ வேண்டாம்; 1981இன் யமாஹா அதில் கும்மென்று வீங்கி, கானன்களின் நடுக்குரலை மூடிவிடும்.

கூல்டுக்கு அடுத்து

கூல்ட் ஒருவரையே கேட்டுக்கொண்டிருந்தால் இந்தப் படைப்பு இப்படித்தான் என்ற எண்ணம் இறுகிவிடும். பாக் குறித்த மறுவாசிப்புகள் எல்லாவற்றோடும் கேட்க வேண்டும் என்றால், பியானோ கலைஞர் ஆந்த்ராஷ் ஷிஃப் 2001இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் வாசித்து ஈசிஎம் நிறுவனம் வெளியிட்ட கச்சேரிப் பதிவு. ஒவ்வொரு பாதியும் இரண்டாம் முறை வரும்போது அலங்காரங்களை மாற்றுகிறார். சங்கதி போடுவது நமக்குப் புரிந்த விஷயம். அதனால் தமிழ்க் காதுக்கு இது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மொத்தம் 71 நிமிடம். இன்னொரு பியானோ கலைஞர் மர்ரே பெராயாவின் 2000ஆம் ஆண்டுப் பதிவும் முழு மறுவாசிப்போடு வருவதுதான். ஷிஃபைவிடப் பாடும் தன்மை கூடுதல், குறும்பு குறைவு.

பாக் எந்தக் கருவிக்கு எழுதினாரோ அந்த ஹார்ப்சிகார்டிலேயே கேட்க, குஸ்தாவ் லெயோன்ஹார்ட். அவர் மூன்று முறை பதிவு செய்திருக்கிறார். 70களில் வந்த கடைசிப் பதிவைப் பரிந்துரைக்கலாம். ஹார்ப்சிகார்டில் விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியின் பருமன் மாறாது. அதனால் முக்கியமான ஸ்வரத்தைப் பலமாக அடித்துக் காட்ட முடியாது, சற்றே தாமதித்துத்தான் காட்ட முடியும். இது தெரியாமல் கேட்டால் ‘இயந்திரம் மாதிரி இருக்கிறது’ என்று தோன்றும். தெரிந்து கேட்டால் அந்தத் தாமதங்களில் முழு உணர்ச்சியும் இருப்பது புரியும். இன்னொன்று: பழைய முறைக் கருவிகளில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் சுருதியை அரைக் கட்டை இறக்கி வைப்பார்கள். ஐந்து கட்டையில் தொடங்க வேண்டிய ஆரியா நாலரைக் கட்டையில் தொடங்கும். சுருதி ஞானம் உள்ளவர்கள் பதிவின் வேகம் தவறோ என்று திகைப்பார்கள், தவறில்லை.

லாண்டோவ்ஸ்கா 1933இல் பாரிஸில் பதிவு செய்ததே ஹார்ப்சிகார்டில் இப்படைப்பின் முதல் ஒலிப்பதிவு. அவர் கருவி பிளேயெல் நிறுவனம் செய்த, இரும்புச் சட்டம் போட்ட பெரிய ஹார்ப்சிகார்ட்; லெயோன்ஹார்டின் கருவியோடு ஒப்பிட்டால் கனத்து ஒலிக்கும். 78 சுற்றுத் தட்டுகளில் வந்தது, இரைச்சல் உண்டு. முதலில் கேட்க வேண்டியது அல்ல, ஆனால் 25ஆவதை அவர் வாசிப்பதைக் கேட்காமல் விடக் கூடாது.

இயக்குநர் ப்ரூனோ மோன்சென்ஜோன் 1981 வாசிப்பைப் படமாகவும் எடுத்திருக்கிறார். கைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதைக் கண்ணால் பார்த்தபின் 5, 14, 20 மூன்றும் காதுக்கு வேறாகவே கேட்கும். இடது கை சும்மா இருக்கும் நொடிகளில் கூல்ட் அதைக் காற்றில் அசைத்துத் தன் வலது கைக்கே தாளம் காட்டுவார். கூல்ட் 1982 அக்டோபர் 4 அன்று, 50 வயதில் காலமானார். 1981 பதிவின் ஆல்பம் கடைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

கடைசி ஆரியா 1981இல் முதல் ஆரியாவைவிட அரை நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. ஸ்வரங்கள் அதேதான், ஒன்றும் மாற்றவில்லை. அதைக் கேட்கத் தொடங்குமுன் செயலியின் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசி ஷட்ஜம் தேய்ந்து முடிவதற்குள் யாரோ ஒருவரின் வேறொரு பியானோத் துண்டு குறுக்கே புகுந்துவிடும்.